பதினாலு மைல்

பந்தல்காரர்கள் நட்டிருந்த முதல் மூங்கில் ஆம்புலன்ஸுக்குக் குறுக்கே நின்றது. ஓட்டுநர் இரண்டு முறை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். வாசலில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். சௌந்திரம் பின்கதவைத் திறந்துகொண்டு தானே இறங்கினாள். மூங்கிலைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நடச் சொன்னாள். பிறகு வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியை உள்ளே வாங்க அதே வாசலில் எத்தனையோ முறை சொன்னதுபோல, "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும்" என்று சொல்லி உள்ளே எடுக்க வைத்தாள். வண்டி நின்ற பிறகுதான், அவள் அழவில்லை என்பதை மற்றவர்கள் கவனித்தார்கள்.

உள்ளே அவளுடைய கணவர் முருகானந்தம் வெள்ளைத் துணி சுற்றிக் கிடந்தார். அறுபத்திரண்டு வயது. கர்நாடகத்துக் கடற்கரையிலுள்ள கும்டாவிலிருந்து மல்லசமுத்திரம் வந்து சேர பதினைந்து மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடிப் பெட்டியை நான்கு பேர் இறக்கிப் பந்தலுக்கடியில் வைத்தார்கள். முருகானந்தத்தின் தங்கை கந்தம்மாள் பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். கோயிலுக்குப் போன இடத்தில் கூப்பிட்டுக்கொண்டாயே சாமி என்று அவள் அழுத அழுகையில், விஷயம் தெரியாமல் பின்னால் நின்றவர்களுக்கும் அது கோயிலில் நடந்த சாவு என்று தெரிந்துபோனது.

சாமி கும்பிடுவதற்கு முன்பா, பின்பா என்று ஒரு கிழவி கேட்டாள். சௌந்திரத்தின் மருமகள் தனப்பிரியா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கும்பிட்ட பிறகுதான் என்றாள். நல்ல சாவு என்று கிழவி தலையாட்டினாள்.

கோயில் என்று சொன்னது மகன் சிவக்குமார். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். தகவல் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு கும்டாவுக்கு வந்தவன், போலீஸ் காகிதத்திலும் ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு, ஆம்புலன்ஸில் உடலோடு தாயையும் ஏற்றிக்கொண்டு திரும்பினான். விடிகாலையில் தொப்பூருக்கு முன்னால் டீ குடிக்க நிறுத்தியபோது, பெரியப்பா பெரியசாமியிடம் போனில் கோகர்ணம் கோயிலுக்குப் போனதாகச் சொல்லியிருப்பதைத் தெரிவித்தான்.

"மலையில பையத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாங்கன்னு சொன்னா என்னம்மா நெனைப்பாங்க? இந்த வயசுல. கோயிலுன்னே இருக்கட்டும்."

சௌந்திரம் டீயை ஆற்றிக் குடித்தாள்.

முருகானந்தம் நாற்பது வருடம் ரிக் வண்டியில் இருந்தவர். இருபது வயதில் உதவியாளாக ஏறி, டிரில்லராகி, கடைசியில் பங்குக்கு ஒரு வண்டி வைத்திருந்தார். கர்நாடகா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பார். அந்த இரண்டு மாதத்திலும் பாதி நாள் வண்டிக்கடியில் கிடப்பார். அவருடைய அம்மா ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்ததும், சிவக்குமாருக்குக் காமாலை வந்ததும், கிணற்றில் எருமை விழுந்து செத்ததும் அவருக்குப் போனில் போன செய்திகள்.

அவர் போய்வந்த ஊர்களைப் பற்றிச் சௌந்திரம் நிறையக் கேட்டிருக்கிறாள். அவற்றில் ஒன்று கும்டா. ஒரு வருடம் கம்ப்ரஸர் பழுதாகி அங்கே நான்கு நாள் நின்றபோது, பொழுது போகாமல் கடலோரக் குன்றின் மேல் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறார். மேலே புல், கீழே நூறு நூற்றைம்பது அடியில் கடல், நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு வழி என்று சொன்னார். அந்த வழி கோகர்ணம் வரைக்கும் போகுமாம், கடைசி வரைக்கும் தான் போகவில்லை என்றார். அவர் சொன்ன எத்தனையோ ஊர்களில் அவளுக்கு அது மட்டும் மறக்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வண்டியைக் கைமாற்றிவிட்டு அவர் வீட்டோடு வந்து இரண்டு வருடம் ஆனபோது, ஒருநாள் காலை களத்தில் கடலைக்காய் காய வைத்துக்கொண்டே, அந்த வழியில் கடைசி வரைக்கும் நடக்கலாமா என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நடப்பது அவளுக்குப் புதிதல்ல. பழனிக்குப் பத்தொன்பது முறை நடந்து போயிருக்கிறாள். நடக்கத் தெரியாதவர் அவர்தான். பஸ் ஸ்டாப்புக்குப் போகவும் வண்டியை எடுப்பார். மூன்று மாதம் பழகினார்கள். தனப்பிரியா முதுகில் போடும் பை இரண்டு வாங்கிக் கொடுத்தாள், போனில் வரைபடம் ஏற்றிக் கொடுத்தாள். அவர்கள் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு காலையில் திருச்செங்கோட்டு மலைப் படியில் ஏறி இறங்கினார்கள். எதிரில் வந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அவருக்கு எட்டு கிலோ எடை குறைந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கும் டாக்டர், நடங்கள், நல்லதுதான் என்றார்.

மார்கழிக் கடைசியில் ஈரோட்டில் மங்களூர் ரயில் ஏறினார்கள்.

கும்டாவில் கடற்கரை முடிகிற இடத்தில் வழி மேலே ஏறியது. செம்பாறை, காய்ந்த புல், இடையிடையே முந்திரி மரம். ஒரு குன்று ஏறினால் உச்சியில் கடல் முழுக்கத் தெரியும். இறங்கினால் ஒரு சிறிய கடற்கரை, நான்கு படகு, ஒரு நாய். மறுபடியும் ஒரு குன்று. சில இடங்களில் பாறை விளிம்பை ஒட்டி ஒரு முழ அகலத்தில்தான் கால் வைக்க முடிந்தது. அங்கே சௌந்திரம் முன்னால் போய், கால் வைக்கும் இடத்தைக் குச்சியால் தட்டிக் காட்டினாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று, "ஆயரம் அடி கீழ எறக்கியிருக்கறேன், நூறு அடி மேல ஏற முடியல பாரு" என்றார். இருவரும் சிரித்தார்கள். முள்செடி காலைக் கிழித்தது. அவர் முழங்கால் வரைக்குமான டவுசர்தான் போட்டிருந்தார். வீட்டு வாசலில்கூட அவர் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது ஒரு மீனவர் வீட்டுத் தென்னந்தோப்பில் கூடாரம் அடித்துக்கொள்ள இடம் கேட்டார்கள். முருகானந்தத்துக்குக் கன்னடம் நன்றாக வரும். அந்த வீட்டுக்காரி சோறும் மீன் குழம்பும் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தபோது அவர், தன் அம்மா சாகும்போது என்ன சொன்னாள் என்று கேட்டார். அம்மா செத்தபோது அவர் ஜபல்பூர் பக்கம் இருந்தார். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதினொரு வருடத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. ஒன்றும் சொல்லவில்லை, எருமைக்குத் தண்ணி காட்டியாச்சா என்றுதான் கேட்டார்கள் என்று சௌந்திரம் சொன்னாள். காட்டியிருந்தாயா என்று கேட்டார். காட்டியிருந்தேன் என்றாள்.

மறுநாள் ஓர் ஆற்றின் கழிமுகத்தைப் படகில் கடக்க வேண்டியிருந்தது. அக்கரையில் இறங்கினால் மூன்று ஆட்டோக்கள் நின்றன. கோகர்ணம், கோகர்ணம் என்று கூப்பிட்டார்கள். முருகானந்தம் பையை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி முகம் துடைத்தார்.

"ஆட்டோவுல போயிரலாமா சௌந்திரம்?"

களைப்பாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அதெல்லாம் இல்லை, சும்மா கேட்டேன் என்றார்.

"இன்னும் ஆறு மைல்தானுங்க. கடைசி வரைக்கும் போகோணும்னுதான வந்தோம்."

"செரி, நட" என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த ஆறு மைலில் நான்கு நடந்தார்கள். அதுதான் இருப்பதிலேயே கடினமான பகுதி. கோகர்ணத்துக்கு முந்தைய குன்றின் உச்சியில் ஒரு தட்டையான பாறை இருந்தது. அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். முகத்தில் சிரமம் எதுவும் தெரியவில்லை. தூரத்தில் ஒரு பாய்மரம் இல்லாத படகு. அது நகர்கிறதா, நிற்கிறதா பார் என்றார். அவளுக்கும் சட்டென்று சொல்ல முடியவில்லை. கீழே இருந்த ஒரு பாறை முனையை அடையாளமாக வைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். படகு பாறையைத் தாண்டியது.

"நகுருதுங்க" என்றாள்.

அவர் பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தபோது பையின் மேல் சாய்ந்திருந்தார். தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து பாறையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வழியாக வந்த ஒரு பெங்களூர்ப் பெண் அவர் நெஞ்சில் கை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். அவளோடு வந்தவர்கள் கீழே ஓடி மீனவர்களை அழைத்து வந்தார்கள். துடுப்புகளில் போர்வை கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிப் படகில் ஏற்றினார்கள். மாரடைப்பு, அந்த இடத்திலேயே போயிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பந்தலில் வெயில் ஏறியது. ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்லி, உடலைக் குளிப்பாட்ட வாசலின் மேற்கு ஓரத்துக்கு எடுத்துப் போனார்கள். வேட்டியைக் கட்டி மறைப்புப் போட்டு, மர பெஞ்சின் மேல் கிடத்தினார்கள். முருகானந்தத்தின் அண்ணன் பெரியசாமி எண்ணெயும் சீயக்காயும் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். எழுபது வயது, மூட்டு வலி. தம்பியைத் தன் கையால்தான் குளிப்பாட்டுவேன் என்று சொல்லியிருந்தார்.

சௌந்திரம் சன்னலுக்கு உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். பெரியசாமியின் எதிரில் நின்று பேசும் வழக்கம் அவளுக்கு இல்லை. கல்யாணமாகி வந்த முப்பத்து நான்கு வருடத்தில் அவர் வந்தால் எழுந்து கதவுக்கு உள்ளே போய்விடுவாள். அவர் அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

வெளியே பேச்சு நின்றது. தண்ணீர் ஊற்றும் சத்தமும் நின்றது. முழங்காலுக்குக் கீழே தம்பியின் கால்கள் கறுத்துச் சிவந்திருந்ததையும், அதில் நீளநீளமாகக் கீறல்கள் இருந்ததையும் பெரியசாமி பார்த்துவிட்டார்.

கோயிலுக்குப் போனவன் கால் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். படியில் வழுக்கியிருக்கும் என்று சிவக்குமார் சொன்னான். வேலுமணி என்ற பங்காளி ஒருவன் ஆம்புலன்ஸ் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தவன், போலீஸ் காகிதத்தில் கடலோரப் பாறை என்று எழுதியிருப்பதாக மெதுவாகச் சொன்னான்.

"சிவக்குமாரு, நெசத்தச் சொல்லு" என்றார் பெரியசாமி. "என்ற தம்பி உழுந்தானா? இல்ல, தானாப் போயி உழுந்தானா?"

சிவக்குமார், அப்படியெல்லாம் இல்லை பெரியப்பா என்றான்.

சௌந்திரம் எழுந்தாள். தனப்பிரியா கையைப் பிடித்தாள். அவள் அதை விலக்கிவிட்டு, வாசலைக் கடந்து, மறைப்பு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஆண்கள் விலகி நின்றார்கள்.

"உழுகலீங்க மாமா" என்றாள். "ஒக்காந்த எடத்துலயே போயிட்டாங்க."

பெரியசாமி அவளைப் பார்க்காமல் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாங்க கோயலுக்குப் போகலீங்க. கும்டாவுல இருந்து கோகர்ணத்துக்குக் கடலோரமா மலை மேல ஒரு வழி இருக்குது. முதுகுல பையப் போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் அதுல நடந்தோமுங்க. அது முள்ளுக் கிழிச்சது."

"அம்மா" என்றான் சிவக்குமார்.

"கூட்டிட்டுப் போனது நானுங்க. நடுவால ஆட்டோவுல போயிரலாமான்னு கேட்டாங்க. நாந்தான் நடக்கலாம்னு சொன்னேன்."

சீயக்காய்த் தண்ணீர் பெஞ்சின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வேலுமணி தரையைப் பார்த்தான். பெரியசாமி ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"எத்தன மைலு நடந்தான்?"

"பதினாலுங்க."

"இவனா?"

"ஆமாங்க. ரெண்டு நாள்ல."

அவர் தம்பியின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. பஸ் ஸ்டாப்புக்கே வண்டியில் போகிறவன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தண்ணீரை ஊற்றச் சொல்லிவிட்டு, கால்களைத் தானே கழுவினார். கீறல்கள் இருந்த இடத்தில் மட்டும் சீயக்காயை அழுத்தித் தேய்க்காமல், எரியும் என்பதுபோல, விரல் நுனியால் வழித்துவிட்டார். சௌந்திரம் அங்கேயே நின்று பார்த்தாள். அவளை உள்ளே போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஆண்கள் போன பிறகு வீட்டைக் கழுவிவிட்டுப் பெண்கள் குளித்தார்கள். கந்தம்மாள் சௌந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. தலையைத் துவட்டிக்கொண்டே மற்றவர்களிடம், அவளுக்குக் கேட்கும்படியாகவே பேசினாள்.

"பழனிக்கு நடக்கறப்பப் போயிருந்தாலும் ஒரு பேரு இருக்கும். ஒண்ணுமில்லாத காட்டுல என்ற அண்ணனக் கொண்டுபோயி வெச்சுக் கொன்னுபோட்டா."

யாரும் மறுக்கவில்லை. சௌந்திரமும் மறுக்கவில்லை. பழனி வழியில் இரண்டு முறை அப்படிச் சாவைப் பார்த்திருக்கிறாள். கொடுத்து வைத்தவர் என்றுதான் அவளும் அப்போது சொன்னாள்.

சாயங்காலம் சிவக்குமார் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தான். அவள் உட்கார்ந்திருந்த அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றான். நடந்து போனதைச் சொன்னது இருக்கட்டும், அந்த ஆட்டோ விஷயத்தை ஏன் சொன்னீர்கள், அதை யாரும் கேட்கவில்லையே என்றான். கோபமாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது குரல் உடைந்திருந்தது. அவள் அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவன் உட்கார்ந்தான். வழித்த தலையில் கத்தி பட்டு ஓரிடத்தில் ரத்தம் துளிர்த்திருந்தது. சேலைத் தலைப்பால் அதை ஒற்றி எடுத்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி எடுத்து, பவானி கூடுதுறைக்குப் புறப்பட்டார்கள். கருமாதி முடியும் வரை புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டுவதில்லை என்பது அங்கே வழக்கம். காரில் ஏறப்போன பெரியசாமி கதவைப் பிடித்தபடி நின்றார். அம்மிணியும் வரட்டும் என்றார். கந்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் காதில் வாங்காதவர்போல முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். சௌந்திரம் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள்.

திருச்செங்கோடு தாண்டிய பிறகு பெரியசாமி, திரும்பாமலேயே, அந்த வழி எப்படி இருந்தது என்று கேட்டார். சிவக்குமாரிடம் கேட்கிறார் என்று முதலில் நினைத்தாள். சிவக்குமாருக்கு அது தெரியாதே என்று பிறகுதான் தோன்றியது. மேலே புல்லும் கீழே கடலுமாக இருந்தது என்று சொன்னாள். நல்லா நடந்தானா என்றார். மெதுவாக நடந்தார், ஆனால் நின்று நின்று எல்லாவற்றையும் பார்த்தார் என்றாள். ம் என்றார்.

கூடுதுறையில் கூட்டம் குறைவாக இருந்தது. ஐயர் சொன்னபடி எல்லாம் செய்து முடித்து, சிவக்குமார் மண்கலயத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினான். பெரியசாமியும் இறங்கவேண்டும் என்று பிடிவாதமாக வேட்டியை மடித்துக் கட்டினார். தண்ணீருக்கடியில் படிகள் பாசி பிடித்திருந்தன. இரண்டாவது படியில் அவருடைய முழங்கால் நடுங்கியது. பிடித்துக்கொள்ள எதையோ தேடி ஒரு கை காற்றில் அலைந்தது.

சௌந்திரம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் இறங்கி, ஒரு படி கீழே நின்றாள்.

"இந்தப் படி வழுக்குமுங்க" என்றாள். "அடுத்தது பரவால்லீங்க."

அவர் சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு அவளுடைய தோளில் கையை வைத்தார். அவள் அடுத்த படியைக் காலால் துழாவிப் பார்த்து, பாதம் பதிந்ததும் இறங்கினாள். அவரும் இறங்கினார். கீழே சிவக்குமார் இடுப்பளவு தண்ணீரில் கலயத்தோடு நின்று, அவர்கள் வந்து சேர்வதற்காகக் காத்திருந்தான்.